சர்க்கரை இருக்கும்போது மட்டும் நண்பர்கள்

பல் மருத்துவம் பயிலும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: "பல் சொத்தைக்குக் காரணம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா என்று பாடத்தில் படித்தோம். இப்போது வரும் ஆய்வுகளில் காண்டிடா பூஞ்சையின் பெயரும் கூடவே வருகிறது. பல்லின் மேல் நுண்ணுயிர்கள் பசையால் பிணைந்து படியும் உயிர்ப்படலத்தில் பூஞ்சை என்னதான் செய்கிறது? பாக்டீரியாவுக்கு அது துணையா, எதிரியா? பூஞ்சைக்கொல்லி மருந்து கொடுத்தால் சொத்தை நின்றுவிடுமா?"

கடைசிக் கேள்விக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நிற்காது. ஏன் நிற்காது என்பதற்கு மற்ற இரண்டையும் பார்த்தாக வேண்டும். துணையா எதிரியா என்று கேட்கும்போது, இந்த உறவு எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. ஒரே பூஞ்சையும் ஒரே பாக்டீரியாவும் சர்க்கரை நிறைந்த இடத்தில் ஒருவிதமாகவும், சர்க்கரை இல்லாத இடத்தில் வேறுவிதமாகவும் நடந்துகொள்கின்றன. ஆக்சிஜன், அமிலம், உமிழ்நீரின் ஓட்டம், உடலின் எதிர்ப்பாற்றல் ஆகியவற்றில் எது மாறினாலும் உறவும் மாறுகிறது.

பூஞ்சை இவ்வளவு காலம் ஏன் கணக்கில் வராமல் போனது என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகலாம். நுண்ணோக்கியால் நுண்ணுயிர்களைப் பார்த்த டச்சுக்காரர் லீவன்ஹூக் 1680-இல் பீரில் இருந்த ஈஸ்ட் செல்களை விவரித்தார். 1683-இல் தன் பற்களுக்கிடையே சுரண்டி எடுத்த வெள்ளைப் பொருளில் துள்ளித் திரிந்த நுண்ணுயிர்களைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். இரண்டு வகை உயிர்களையும் ஒரே மனிதர் மூன்று ஆண்டு இடைவெளியில் பார்த்துவிட்டார். அவை இரண்டும் ஒரே படலத்துக்குள் என்ன செய்கின்றன என்று கேட்க, அதற்குப் பிறகு மூன்று நூற்றாண்டுகள் ஆயின.

காரணம் எண்ணிக்கை. மனித வாயில் சுமார் 700 வகைப் பாக்டீரியாக்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. வாயின் மொத்த நுண்ணுயிர்களில் பூஞ்சைகளின் பங்கு 0.1 சதவீதத்துக்கும் குறைவு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லாததைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? ஆனால் இது தலைகளை எண்ணும் கணக்கு. காண்டிடாவின் ஈஸ்ட் செல் ஒன்றின் விட்டம் ஏறத்தாழ 5 மைக்ரோமீட்டர். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் செல்லுக்கு ஒரு மைக்ரோமீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். விட்டம் 5 மடங்கு என்றால் கன அளவு 125 மடங்கு. ஆயிரம் செல்களில் ஒன்றே ஒன்று பூஞ்சையாக இருந்தாலும், படலத்தின் உயிர்ப்பொருளில் அதன் பங்கு பத்தில் ஒன்றைத் தாண்டிவிடும். அந்தச் செல் இழையாக நீண்டுவிட்டால் அது பிடிக்கும் இடமும், பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொள்ளத் தரும் பரப்பும் இன்னும் கூடுகின்றன. தலைக்கணக்கு இங்கே ஏமாற்றும் கணக்கு.

2010-இல் வெளியான ஓர் ஆய்வு, நலமாக இருந்த 20 பேரின் வாய்களை மரபணு முறையில் சோதித்து 85 பூஞ்சைப் பேரினங்களைக் கண்டது. காண்டிடா அவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் இருந்தது. 85 என்ற எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். மூச்சோடும் உணவோடும் வந்து போகும் வித்துகளும் இதில் சேர்ந்திருக்கும். மரபணுச் சோதனை குடியிருப்பவரையும் வழிப்போக்கரையும் பிரித்துச் சொல்லாது. வாயில் நிலையாகக் குடியிருந்து, படலத்துக்குள் வேலை செய்கிறது என்று உறுதியாகச் சொல்லக்கூடியவற்றில் முதலில் நிற்பது காண்டிடா அல்பிகன்ஸ். இனி காண்டிடா என்று நான் எழுதுவது அதைத்தான்.

இந்தப் பூஞ்சையின் முழுத் திறமையும் அதன் உருமாற்றத்தில் இருக்கிறது. உருண்டையான ஈஸ்டாகவும் இருக்கும், மெல்லிய நீண்ட இழையாகவும் வளரும். ஈஸ்டாக இருக்கும்போது பெரும்பாலும் சாது. இழையாக மாறும்போது அதன் மேல்தோலே மாறிவிடுகிறது: ஒட்டுவதற்கான புரதங்கள் வெளியே வருகின்றன, திசுவுக்குள் நுழையும் திறன் வருகிறது, செல்சவ்வைத் துளைக்கும் காண்டிடாலைசின் என்ற நச்சும் சுரக்கிறது. இந்த நச்சு கண்டுபிடிக்கப்பட்டதே 2016-இல்தான். எனவே ஒரு பாக்டீரியா காண்டிடாவுக்கு உதவுகிறதா, தடை செய்கிறதா என்று கேட்டால், ஆய்வாளர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது இதைத்தான்: இழையைத் தூண்டுகிறதா, அடக்குகிறதா?

வாயில் குடியேறுவது எளிதல்ல. உமிழ்நீர் ஓயாமல் கழுவிக்கொண்டே இருக்கிறது. அதில் ஹிஸ்டாட்டின் போன்ற பூஞ்சை எதிர்ப்புப் புரதங்களும் இருக்கின்றன. பிடிப்பு கிடைக்காத செல் விழுங்கப்பட்டு வயிற்றுக்குப் போய்விடும். பல்லின் மேல் முதலில் வந்து அமர்பவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகையைச் சேர்ந்த முன்னோடிப் பாக்டீரியாக்கள். காண்டிடாவுக்கு அவையே பிடிமானம். அவற்றில் ஒன்றான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கோர்டோனியின் மேற்பரப்பில் உள்ள எஸ்எஸ்பி-பி என்ற புரதமும், காண்டிடா இழையின் மேல் உள்ள ஆல்ஸ்-3 என்ற புரதமும் ஒன்றையொன்று நேரடியாகப் பற்றிக்கொள்கின்றன. ஆல்ஸ்-3 இழையில்தான் மிகுதி, ஈஸ்டில் அல்ல என்பதைக் கவனியுங்கள். பிடித்துக்கொண்ட பிறகு கோர்டோனி பூஞ்சையை மேலும் இழையாக வளரத் தூண்டுகிறது. இழை வளர வளர கோர்டோனிக்கு ஒட்ட இடம் கிடைக்கிறது.

இயற்கையான பற்களிலிருந்து எடுத்த படலத்தை ஒளிரும் குறிகள் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், நடுவில் ஒரு காண்டிடா இழையும் அதைச் சுற்றி நெருக்கமாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மணிகளும் அமைந்திருப்பதைக் கண்டார்கள். இத்தகைய அமைப்புக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் சோளக்கதிர். ஆய்வகத் தட்டில் மட்டும் காணும் காட்சி அல்ல, உண்மையான வாயிலும் நடப்பதுதான் என்பதற்கு இந்தப் படங்கள் நல்ல சான்று.

இனி சொத்தை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் கோர்டோனியைப் போல அல்ல. சர்க்கரை இல்லாத நிலையில் அதையும் காண்டிடாவையும் கலந்து வைத்தால் இரண்டும் ஏறக்குறைய அக்கறையற்று இருக்கும். ஒட்டுதல் மிகக் குறைவு. அதே குடுவையில் சுக்ரோஸ், அதாவது நாம் உண்ணும் சாதாரணச் சர்க்கரையைச் சேர்த்தால் காட்சி தலைகீழாகிறது. அடர்ந்த, பிசுபிசுப்பான, எளிதில் கழுவ முடியாத கூட்டுப் படலம் எழும்புகிறது. இந்த மாற்றத்துக்கு உள்ளே நடப்பது இந்தத் துறையிலேயே மிகத் தெளிவாக விளக்கப்பட்ட செயல்முறை என்பது என் கருத்து. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மியூட்டன்ஸ் ஜிடிஎஃப்-பி என்ற நொதியை வெளியே சுரக்கிறது. இது சுக்ரோஸை உடைத்து, அதில் உள்ள குளுக்கோஸ் பகுதிகளைக் கோத்து, குளுக்கான் என்ற பசையை உண்டாக்கும். நீரில் கரையாத இந்தப் பசைதான் படலத்தின் கட்டுமானப் பொருள். இதுவரை பழைய பாடம். புதிய பாடம் என்னவென்றால், இந்த நொதி பாக்டீரியாவின் மேல் மட்டும் உட்காருவதில்லை. காண்டிடாவின் செல்சுவரின் வெளிப்புறத்தில் மன்னான் என்ற சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்திருக்கின்றன. ஜிடிஎஃப்-பி போய் அவற்றின் மேல் உறுதியாக ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய பிறகும் வேலை செய்துகொண்டே இருக்கிறது. விளைவு, பாக்டீரியா உண்டாக்கும் பசை பூஞ்சையின் உடம்பின் மேலேயே சுரக்கத் தொடங்குகிறது. பூஞ்சை தானே செய்ய முடியாத பசையைப் போர்த்திக்கொள்கிறது. அந்தப் பசையில் மேலும் மியூட்டன்ஸ் செல்கள் வந்து பிணைகின்றன.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹ்யுன் (மிஷெல்) கூ தலைமையிலான குழுவினர் இதில் நிறைய வேலை செய்திருக்கிறார்கள். அணுவிசை நுண்ணோக்கியின் முனையில் இந்த நொதியைப் பூசி, காண்டிடா செல்லைத் தொட்டு இழுத்து, பிரிக்க எவ்வளவு விசை வேண்டும் என்று அளந்தார்கள். மன்னான் சங்கிலிகள் குறைபட்ட காண்டிடா வகைகளில் பிடிப்பு தளர்ந்தது, கூட்டுப் படலமும் மெலிந்தது. எந்தப் பிணைப்பை அறுத்தால் கூட்டு கலையும் என்று காட்டிவிட்ட சோதனை இது. மன்னானைச் சிதைக்கும் நொதிகளைக் கொண்டு படலத்தைக் கலைக்கும் ஆய்வக முயற்சிகள் இதன் தொடர்ச்சி.

கொடுக்கல் வாங்கல் அத்துடன் முடிவதில்லை. சுக்ரோஸை நேரடியாகப் பயன்படுத்துவதில் காண்டிடா அவ்வளவு கெட்டிக்காரன் அல்ல. மியூட்டன்ஸின் நொதிகள் அதை உடைக்கும்போது சிந்தும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் பூஞ்சைக்கு எளிய உணவு. மியூட்டன்ஸ் வெளியேற்றும் லாக்டிக் அமிலத்தையும் காண்டிடா உணவாக எடுத்துக்கொள்ளும். எனாமல் கரையத் தொடங்கும் எல்லை பி.எச். 5.5 அளவில் இருக்கிறது. அதற்குக் கீழேயும், அதாவது அமிலம் இன்னும் கூடினாலும், இரண்டும் சளைக்காமல் வளரக்கூடியவை. அமிலம் தாங்காத நல்ல பாக்டீரியாக்கள் ஒதுங்கிவிடும்.

2014-இல் இதே குழு எலிகளில் செய்த சோதனை பலரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. சர்க்கரை மிகுந்த உணவு கொடுத்து, சில எலிகளுக்கு மியூட்டன்ஸை மட்டும், சிலவற்றுக்குக் காண்டிடாவை மட்டும், சிலவற்றுக்கு இரண்டையும் ஏற்றினார்கள். இரண்டும் ஏறிய எலிகளின் பற்கள்தான் மிக மோசமாகச் சொத்தையாயின. வழக்கமாகச் சொத்தை எளிதில் பிடிக்காத வழவழப்பான பல்பரப்புகள்கூடத் தப்பவில்லை. சிறு குழந்தைகளுக்கு வரும் தீவிரச் சொத்தையில் காணும் அதே காட்சி.

2022-இல் வந்த படங்கள் இன்னும் வியப்பானவை. தீவிரச் சொத்தை உள்ள குழந்தைகளின் உமிழ்நீரில் பூஞ்சையும் பாக்டீரியாவும் ஏற்கெனவே கட்டிப்புரண்ட திரள்களாக மிதப்பதைக் கண்டார்கள். அதாவது தனித்தனியாக வந்து பல்லில் சந்திப்பதில்லை, சேர்ந்தே வந்து இறங்குகின்றன. இறங்கிய பிறகு நகரவும் செய்கின்றன! இந்த இரண்டுக்கும் நீந்தும் உறுப்பு கிடையாது. பூஞ்சையின் இழைகள் நீண்டு முன்னே ஊன்ற, முழுத் திரளும் பாக்டீரியாக்களைச் சுமந்தபடி நகர்கிறது. மணிக்கு 40 மைக்ரோமீட்டருக்கு மேல் என்று அளந்தார்கள். பாக்டீரியா தன் அளவைப் போல நாற்பது மடங்கு தூரத்தை ஒரு மணி நேரத்தில் பூஞ்சையின் தோளில் ஏறிக் கடக்கிறது. இந்தத் திரள்கள் நுண்ணுயிர்க்கொல்லிகளையும் கழுவும் விசையையும் தனிச் செல்களைவிட நன்றாகத் தாங்கின.

மனிதர்களில்? 2018-இல் பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த தொகுப்பாய்வு, வாயில் காண்டிடா உள்ள குழந்தைகளுக்குச் சிறுவயதிலேயே சொத்தை இருக்கும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் என்றது. பெரிய எண்தான். ஆனால் இங்கே ஒரு கணம் யோசிக்க வேண்டும். சொத்தைக் குழியே காண்டிடாவுக்கு வசதியான வீடு: உமிழ்நீர் படாது, அமிலம் நிறைந்தது, உணவுத் துகள் தேங்குவது. பூஞ்சை வந்ததால் சொத்தையா, சொத்தை வந்ததால் பூஞ்சையா என்று ஒரே நேரத்தில் எடுத்த மாதிரியை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டுமே நடக்கலாம் என்பதுதான் நியாயமான ஊகம். எலிச் சோதனை முதல் திசைக்கு வலு சேர்க்கிறது, இரண்டாவதை மறுக்கவில்லை.

இப்போது எதிர்த்தரப்பு. ஆம்ஸ்டர்டாமில் பாஸ்டியான் க்ரோம் குழுவினர் 2016-இல் ஒரு கட்டுரைக்கு வைத்த தலைப்பின் பொருள், வாய்ப் படலத்தில் உள்ள காண்டிடா சொத்தையைத் தடுக்கக்கூடும் என்பது. மேலே சொன்னதற்கு நேர் எதிர்! அவர்கள் கண்டது, மியூட்டன்ஸ் மட்டும் வளர்ந்த படலத்தைவிட காண்டிடாவும் சேர்ந்த படலத்தில் அமிலத்தன்மை குறைவு. இதற்கும் வழி இருக்கிறது. காண்டிடா லாக்டிக் அமிலத்தை உண்ணும். அமினோ அமிலங்களை உணவாக்கும்போது அம்மோனியாவை வெளியிட்டுச் சூழலைக் காரமாக்கவும் வல்லது.

இதில் யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, தேவையும் இல்லை. சர்க்கரை எவ்வளவு, எத்தனை முறை, எவ்வளவு நேரம், வளர்ப்பு ஊடகம் எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்று சோதனை நிலைமைகள் வேறுபடும்போது முடிவுகளும் வேறுபடத்தான் செய்யும். சர்க்கரை இடைவிடாமல் வந்துகொண்டிருந்தால் பசையும் அமிலமும் முந்துகின்றன. குறைந்தால் அமிலத்தை உண்ணும் குணம் மேலே வர இடமிருக்கிறது. முரண்பாடு என்று தோன்றுவது, உறவு சூழலைப் பொறுத்தது என்பதற்கான சான்றாகவே எனக்குப் படுகிறது. ஒரு கட்டுரையை மட்டும் படித்துவிட்டு காண்டிடாவுக்கு வில்லன் பட்டமோ காவலன் பட்டமோ கொடுப்பவர்களை நம்பாதீர்கள்.

தொடாமலே பேசிக்கொள்ளும் வழிகளும் உண்டு. காண்டிடா ஃபார்னசால் என்ற பொருளைச் சுரக்கிறது. கூட்டம் பெருகியதும் இது சேர்ந்து, இழை வளர்ச்சியை நிறுத்தச் சொல்லும் சமிக்ஞையாகிறது. 2001-இல் அடையாளம் காணப்பட்டது. இது பாக்டீரியாவுக்கும் கேட்கும். கூட்டுப் படலத்தில் காணப்படும் 25 முதல் 50 மைக்ரோமோலார் (கரைசலின் செறிவை அளக்கும் அலகு) அளவில் அது மியூட்டன்ஸின் வளர்ச்சியையும் பசை செய்யும் நொதியையும் ஊக்குவிக்கிறது. 100 மைக்ரோமோலாரைத் தாண்டினால் அதே பொருள் அதே பாக்டீரியாவை ஒடுக்குகிறது. மருந்தும் நஞ்சும் அளவில்தான் இருக்கின்றன என்பதற்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை. எதிர்த்திசையில் மியூட்டன்ஸ் தன் இனத்தோடு பேசப் பயன்படுத்தும் ஒரு சிறு பெப்டைடு, அதாவது குட்டிப் புரதத் துண்டு, காண்டிடா இழையாவதைத் தடுக்கிறது. கோர்டோனியோ ஃபார்னசாலின் தடையையே தளர்த்தி இழையை வளர விடுகிறது. ஒரே பேரினத்தைச் சேர்ந்த இரண்டு பாக்டீரியாக்கள், பூஞ்சையிடம் இரண்டு விதமான பேச்சு.

வெளிப்படையான பகையும் இருக்கிறது. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா காண்டிடாவின் இழைகளில் ஒட்டிப் படலம் அமைத்து அவற்றைக் கொன்றுவிடும். ஈஸ்ட் வடிவத்தை விட்டுவிடும். 2002-இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் சூடோமோனாஸ் நலமான வாயின் முக்கியக் குடிமகன் அல்ல என்பதை நினைவில் வையுங்கள். வாய்க்குச் சொந்தமானவற்றில் ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் காண்டிடாவோடு ஒட்டிக்கொண்டு அதன் இழை வளர்ச்சியை மட்டுப்படுத்துகிறது. கொல்வதில்லை; அடக்கி வைக்கிறது. நலமான வாயில் காண்டிடா பல ஆண்டுகள் தொல்லை தராமல் இருப்பதற்கு இப்படிப்பட்ட அடக்கி வைத்தல்களும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஈறுநோய் பக்கம் சுருக்கமாக. அங்கே முக்கியமான போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் ஆக்சிஜன் ஆகாத பாக்டீரியா. காற்று உள்ள சூழலில் தனியாக வளர்த்தால் அது தாங்காது. காண்டிடா ஆக்சிஜனை விரைவாக உறிஞ்சிவிடுவதால் அதன் படலத்தின் உட்பகுதியில் காற்றில்லாத மூலைகள் உண்டாகின்றன. ஆக்சிஜன் ஆகாத பல பாக்டீரியாக்கள் அங்கே ஒதுங்கிப் பிழைத்துக்கொள்வது ஆய்வகத்தில் காட்டப்பட்டிருக்கிறது. ஆனால் ஆழமான ஈறுப்பையில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. அங்கே பூஞ்சையின் தயவு எந்த அளவுக்குத் தேவை என்பது வேறு கேள்வி. சொத்தையில் கிடைத்திருக்கும் தெளிவு ஈறுநோயில் இன்னும் கிடைக்கவில்லை.

நாக்கும் கன்னத்தின் உட்புறமும் பல்லைப் போன்றவை அல்ல. அங்கே செல்கள் உதிர்ந்துகொண்டே இருக்கும், எதிர்ப்பாற்றல் நேரடியாக வேலை செய்யும். ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு வாயில் வெள்ளைத் திட்டுகள் வருவது எல்லோருக்கும் தெரிந்தது: பாக்டீரியாக்கள் ஒழிந்ததும் இடமும் உணவும் பூஞ்சைக்குக் கிடைக்கின்றன. ஆகவே பாக்டீரியாக்கள் காவலர்கள் என்று முடிவுகட்டிவிடலாமா? கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் அன்னா டோங்கரி-பாக்ட்சோக்லூ குழுவின் எலி ஆய்வுகள் அதற்கு இடம் தரவில்லை. புற்றுநோய் மருந்தான 5-ஃப்ளூரோயூராசில் கொடுக்கப்பட்ட எலிகளில் காண்டிடா ஏறியதும் எண்டரோகாக்கஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் பெருகின. அவற்றை ஆன்டிபயாடிக் கொண்டு குறைத்தபோது பூஞ்சை திசுவுக்குள் ஊடுருவுவதும் குறைந்தது. ஆன்டிபயாடிக் பூஞ்சைத் தொற்றைத் தணித்தது!

இதில் இன்னொரு முடிச்சு. எண்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் சுரக்கும் என்ட்-வி என்ற பெப்டைடு காண்டிடாவின் இழை வளர்ச்சியைத் தடுத்து அதன் வீரியத்தைக் குறைக்கிறது என்று 2017-இல் வேறொரு குழு காட்டியிருந்தது. அதே எண்டரோகாக்கஸ் ஓரிடத்தில் தடை, இன்னோரிடத்தில் துணை. எந்தத் திசு, எதிர்ப்பாற்றல் எந்த நிலையில், கூட இருப்பவை எவை என்பதெல்லாம் தெரியாமல் இந்தப் பாக்டீரியா நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பொருள் இல்லை.

ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: அது ஆல்ஸ்-3 வழியாகவே காண்டிடா இழையைப் பற்றிக்கொண்டு, இழை திசுவைத் துளைக்கும்போது கூடவே உள்ளே போகிறது. எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு இது கவலைக்குரியது.

மருந்து விஷயத்துக்கு வருவோம். உங்கள் மூன்றாவது கேள்வி இங்கேதான் இருக்கிறது. கூட்டுப் படலத்தில் ஒருவர் செய்யும் பசை இன்னொருவருக்குக் கவசம். மியூட்டன்ஸ் உண்டாக்கும் குளுக்கான், ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லியைப் பிடித்து வைத்துக்கொண்டு காண்டிடாவை எட்டவிடாமல் செய்கிறது. மறுபுறம் காண்டிடாவின் பசைப்பொருள், ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸை வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கிடமிருந்து காக்கிறது. தனித்தனியாக வளர்த்து மருந்தின் அளவைக் கணக்கிட்டால், அந்தக் கணக்கு கூட்டுப் படலத்தில் பொய்த்துப்போகும். கூ குழுவினர் போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியையும் ஃப்ளூகோனசோலையும் சேர்த்துக் கொடுத்தபோது, அயோடின் பசை உண்டாவதைத் தடுக்க, ஃப்ளூகோனசோலுக்கு வழி திறந்தது. பூஞ்சைக்கொல்லி மட்டும் கொடுத்திருந்தால் கிடைக்காத பலன்.

பூஞ்சைக்கொல்லியால் சொத்தை நிற்காது என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் எளிமையானது: காண்டிடா இல்லாமலும் மியூட்டன்ஸும் அதன் கூட்டாளிகளும் சர்க்கரையை அமிலமாக்கிப் பல்லைக் கரைத்துக்கொண்டுதான் இருக்கும். காண்டிடா வேகத்தைக் கூட்டுகிறது. வண்டியே அது அல்ல. சொத்தைக்காகப் பூஞ்சைக்கொல்லி எழுதுவது இன்றைய வழக்கமான சிகிச்சை அல்ல, தேவையில்லாமல் எழுதினால் மருந்துக்கு மசியாத வகைகள் தேர்ந்தெடுக்கப்பட்டு வளரும் ஆபத்தும் உண்டு.

சிகிச்சையில் அடிக்கடி தவறவிடப்படும் ஒன்றையும் சொல்ல வேண்டும். நிஸ்டாட்டின், 1950-இல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இருவரும் உலகுக்கு அறிவித்த பூஞ்சைக்கொல்லி. வாய்க்கு இன்றும் பயன்படுகிறது. குளோர்ஹெக்சிடின், பாக்டீரியாவுக்கு எதிராகப் பரவலாகத் தரப்படும் மவுத்வாஷ். பூஞ்சையையும் ஓரளவு அடக்கும். இரண்டும் நல்லவை என்று ஒரே நேரத்தில் கொடுத்தால், ஒன்றோடொன்று சேர்ந்து எளிதில் கரையாத உப்பாகி இரண்டின் வீரியமும் குறைகிறது. இடைவெளி விட்டுத்தான் கொடுக்க வேண்டும். தேர்வுத்தாளில் இதைக் கேட்கிறார்களோ இல்லையோ, நோயாளி முன்னால் உட்காரும்போது தேவைப்படும்.

நடைமுறையில் யாரிடம் இந்தக் கூட்டைச் சந்தேகிக்க வேண்டும்? பாட்டிலில் இனிப்பான பானத்தை நாள் முழுக்க, குறிப்பாகத் தூங்கும்போது, குடிக்கும் சிறு குழந்தைகள். கதிர்வீச்சு சிகிச்சையாலோ மருந்துகளாலோ உமிழ்நீர் வற்றியவர்கள். பல்செட்டை இரவும் கழற்றாமல் அணிபவர்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதவர்கள். இவர்களில் பல்செட் அணிபவர்களைத் தனியாகக் கவனியுங்கள். அக்ரிலிக் பரப்பின் நுண்துளைகளில் காண்டிடாவும் பாக்டீரியாக்களும் சேர்ந்து படலம் அமைக்கின்றன. மேலண்ணம் சிவந்திருக்கும், பெரும்பாலும் வலி இருக்காது. அண்ணத்துக்கு மருந்து தடவிவிட்டு, படலம் படிந்த பல்செட்டை அப்படியே திரும்ப மாட்டிக்கொண்டால் சில வாரங்களில் சிவப்பு மறுபடியும் வரும். தேய்த்துக் கழுவி, இரவில் கழற்றி வைக்கச் சொல்வது மருந்துச் சீட்டைவிட முக்கியம்.

இந்தத் துறையின் ஆய்வுகளைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான சோதனைகள் ஒரு பூஞ்சை, ஒரு பாக்டீரியா என்று இருவரை மட்டும் ஓர் அறையில் அடைத்துப் பார்த்தவை. சர்க்கரை ஒரு சதவீதமா, அரை சதவீதமா, ஊடகத்தில் உமிழ்நீர் உண்டா, எத்தனை மணி நேரம் வளர்த்தார்கள், காண்டிடா ஈஸ்டாக இருந்ததா இழையாக இருந்ததா என்று செய்முறைப் பகுதியை முதலில் படியுங்கள். காண்டிடாவிலேயே வகைக்கு வகை குணம் மாறும். ஆய்வகங்களில் புழங்கும் ஒரு வகையில் கண்டது, உங்கள் நோயாளியின் வாயில் உள்ள வகைக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மேலும், பரிசோதனை அறிக்கையில் காண்டிடா வளர்ந்தது என்று வந்தால் அதுவே நோய் அல்ல. நலமாக இருக்கும் பெரியவர்களில் மூன்றில் ஒருவர் முதல் பாதிப் பேருக்கும் மேல் வரை அதைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறார்கள். வெள்ளைத் திட்டு, சிவப்பு, எரிச்சல், வாயோரப் புண் என்று அறிகுறி இருந்தால் சிகிச்சை தேவை. அறிகுறி ஏதும் இல்லாமல் சொத்தை மட்டும் விரைந்து பரவும் குழந்தையாக இருந்தால், பூஞ்சைக்கொல்லியைத் தேடுவதற்கு முன்பு இனிப்பு ஒரு நாளில் எத்தனை முறை வாய்க்குள் போகிறது என்று பெற்றோரிடம் கேளுங்கள். ஃபுளூரைடு பற்பசை பயன்படுத்துகிறார்களா, இரவில் கடைசியாக வாயில் படுவது என்ன என்பதையும் கேளுங்கள். ஜிடிஎஃப்-பி பூஞ்சையின் மேல் ஏறி உட்கார்ந்தாலும், சுக்ரோஸ் வராவிட்டால் அதற்குப் பசை செய்ய மூலப்பொருள் கிடையாது.